கருவிகளின் காலத்தில் மருத்துவரும் செவிலியரும் அவர்கள் கற்கும் கல்வியும்

மருத்துவத் தொழிலின் எதிர்காலம் பற்றிய பேச்சு பெரும்பாலும் பெயர்பெற்ற நிபுணரைச் சுற்றியே நடக்கிறது. செயற்கை நுண்ணறிவு வந்தபின் எக்ஸ்ரே படிக்கும் மருத்துவர் இருப்பாரா, இதய நிபுணர் இருப்பாரா என்று கேட்கிறார்கள். ஆனால் கருவிகள் முதலில் எடுத்துக்கொள்வது இரவு டியூட்டியில் இருக்கும் பயிற்சி மருத்துவரின் வேலையைத்தான். நோயாளி சொல்வதைக் கேட்டுக் கேஸ் ஷீட்டில் எழுதுவது, எக்ஸ்ரேயை முதலில் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பது, ஈ.சி.ஜி.யில் ஏதோ சரியில்லை என்று சந்தேகப்படுவது, டிஸ்சார்ஜ் சம்மரி எழுதுவது ஆகிய எல்லாமே இன்று மென்பொருளால் பெருமளவு செய்யக்கூடியவை. மருத்துவமனையின் கணக்கில் இவை சுமை. கற்பவருக்கோ இவைதான் பள்ளிக்கூடம். ஆயிரம் எக்ஸ்ரே பார்த்தவருக்குத்தான் அடுத்த எக்ஸ்ரேயில் உள்ள சின்ன மாறுபாடு கண்ணில் படும். சுமை இறங்கும்போது பள்ளிக்கூடமும் சேர்ந்து போய்விட்டால், இருபது ஆண்டுகள் கழித்துக் கருவியின் முடிவைச் சரிபார்க்கத் தேர்ந்த கண் எங்கிருந்து கிடைக்கும்? மருத்துவக் கல்வியின் முன் இன்று நிற்கும் கேள்விகளில் இதுவே முதன்மையானது.

இன்றைய மருத்துவப் படிப்பின் சட்டகம் நூறாண்டுக்கு முந்தையது. 1910-ல் ஆபிரகாம் ஃபிளெக்ஸ்னர் என்ற கல்வியாளர், கார்னகி அறக்கட்டளைக்காக அமெரிக்காவிலும் கனடாவிலும் இருந்த 155 மருத்துவப் பள்ளிகளை ஆராய்ந்து அறிக்கை எழுதினார். அவர் மருத்துவர் அல்லர், பள்ளி நடத்தியவர். ஆய்வகமும் நோயாளியும் இல்லாமலே கட்டணம் வாங்கிக்கொண்டு பட்டம் கொடுத்த பள்ளிகள் பல என்பதை அவர் வெளிச்சமாக்கினார். அவருக்கு முன்மாதிரியாக அமைந்தது ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவப் பள்ளி. அங்கே வில்லியம் ஆஸ்லர் ஏற்கெனவே மாணவர்களை விரிவுரைக் கூடத்திலிருந்து நோயாளியின் படுக்கையருகே அழைத்து வந்திருந்தார். முதலில் அடிப்படை அறிவியல், பிறகு வார்டு என்னும் வரிசை அங்கிருந்து உலகெங்கும் பரவியது. இந்தச் சீர்திருத்தத்துக்கு ஒரு விலையும் இருந்தது. கறுப்பின மாணவர்களுக்கென இருந்த ஏழு பள்ளிகளில் ஐந்து மூடப்பட்டன. ஹோவர்டும் மெஹாரியும் மட்டுமே தப்பின. தரத்தை உயர்த்தும் எந்த மாற்றமும் யாரை வெளியே நிறுத்துகிறது என்பதைச் சேர்த்தே அதை எடைபோட வேண்டும்.

இந்தியாவிலும் இதே சிக்கல் வேறு உருவில் எழுந்தது. சுதந்திரத்துக்கு முன் தமிழ்நாட்டு ஊர்களில் மருத்துவம் பார்த்தவர்களில் பலர் எல்.எம்.பி. டாக்டர்கள். பட்டப்படிப்பைவிடக் குறுகிய படிப்பு அது. மருத்துவர் ஐடா ஸ்கடர் 1918-ல் வேலூரில் பெண்களுக்கென மருத்துவப் பள்ளி தொடங்கியபோது அங்கே கற்பிக்கப்பட்டதும் எல்.எம்.பி.தான். 1946-ல் அறிக்கை தந்த போர் (Bhore) சுகாதாரக் குழு, நாட்டில் ஒரே வகை அடிப்படை மருத்துவர்தான் இருக்க வேண்டும் என்றது. ஏழைக்கு ஒரு தரம், பணக்காரருக்கு ஒரு தரம் என்று மருத்துவர்களைப் பிரிக்கக்கூடாது என்ற அறம் அதன் பின்னே இருந்தது. அந்த அறத்தில் பிழை காண இடமில்லை. ஆயினும் பட்டம் பெற்றவர்கள் நகரங்களில் குவிந்தார்கள். கிராமத்தில் விழுந்த இடைவெளியைச் செவிலியர்களும், பல மாநிலங்களில் எந்தத் தகுதியும் இல்லாதவர்களும் நிரப்பினார்கள். 2019-ம் ஆண்டின் தேசிய மருத்துவ ஆணையச் சட்டம் தன் 32-ம் பிரிவில் சமூக சுகாதாரப் பணியாளர்களுக்கு வரம்புக்குட்பட்ட உரிமம் தர வழிவகுத்தபோது மருத்துவர்கள் தெருவில் இறங்கிப் போராடினார்கள். யார் எந்த வேலையைச் செய்யலாம் என்ற வழக்கு எழுபது ஆண்டுகளாகத் தீரவில்லை. அந்த வழக்கில்தான் இப்போது கருவியும் ஒரு தரப்பாக வந்து சேர்ந்திருக்கிறது.

கருவி எதைச் செய்கிறது, எதைச் செய்வதில்லை என்பதைக் காட்ட விழித்திரைப் பரிசோதனையைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு இல்லை. சர்க்கரை நோய் விழித்திரையின் நுண்ணிய இரத்தக் குழாய்களை மெல்ல மெல்லக் கெடுக்கிறது. பார்வை மங்கும்வரை நோயாளிக்கு ஒன்றும் தெரியாது. தெரியவரும்போது பெரும்பாலும் காலம் கடந்திருக்கும். ஆண்டுக்கொரு முறை விழித்திரையைப் படம் எடுத்துப் பார்த்து, உரிய நேரத்தில் சிகிச்சையும் தந்தால் பார்வையிழப்பில் பெரும்பகுதியைத் தடுத்துவிடலாம். ஆனால் இந்தியாவில் உள்ள சர்க்கரை நோயாளிகள் அனைவரின் படத்தையும் பார்க்கக் கண் மருத்துவர்கள் போதமாட்டார்கள். 2016-ல் கூகுள் ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வு இதற்கு ஒரு வழி காட்டியது. ஒரு லட்சத்து இருபத்தெட்டாயிரத்துக்கும் அதிகமான விழித்திரைப் படங்களைக் கொண்டு பயிற்றுவித்த மென்பொருள், கண் மருத்துவர்களுக்கு இணையாக நோயைக் கண்டுபிடித்தது. அந்தப் படங்களில் ஒரு பகுதி மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையிலிருந்தும் சென்னை சங்கர நேத்ராலயாவிலிருந்தும் சென்றவை.

இந்தச் செய்தியில் பலர் கவனிக்காத ஒரு விவரம் உண்டு. அந்தப் படங்களைத் தரம் பிரித்துக் கொடுத்தவர்கள் 54 மருத்துவர்கள். ஒவ்வொரு படத்தையும் மூன்று முதல் ஏழு பேர் தனித்தனியாகப் பார்த்தார்கள். கருவிக்கு வந்த அறிவு மனிதக் கண்களிலிருந்து வந்தது. அந்தக் கண்கள் தேய்ந்துபோனால் அடுத்த கருவிக்குப் பாடம் சொல்லவும் ஆள் இருக்காது.

ஆய்வுக்கூடத்தில் சிறந்து விளங்கிய அதே மென்பொருள் தாய்லாந்தின் 11 மருத்துவ நிலையங்களுக்குப் போனபோது நடந்தவை 2020-ல் வெளிவந்தன. செவிலியர்கள் எடுத்த படங்களில் ஐந்தில் ஒன்றுக்கும் மேற்பட்டவற்றைத் தரம் போதாது என்று மென்பொருள் தள்ளிவிட்டது. படம் எடுத்த அறைகள் போதிய அளவு இருட்டாக இல்லை. ஒரே அறையில் வேறு பரிசோதனைகளும் நடந்தன. இணைய வேகம் குறைந்த இடங்களில் படம் போய்ச் சேரவே நேரம் பிடித்தது, வரிசை நீண்டது. படம் தள்ளப்பட்டால் நோயாளி வேறொரு நாள் தொலைவில் உள்ள நிபுணரிடம் போக வேண்டும். கூலி போகும், பேருந்துச் செலவு வரும். இதை நினைத்த செவிலியர்களில் சிலர் நோயாளிகளைப் பரிசோதனையில் சேரத் தூண்டவே தயங்கினார்கள். மென்பொருளின் கணிதத்தில் கோளாறில்லை. அறையின் வெளிச்சம், நோயாளியின் பயணம், செவிலியரின் தயக்கம் ஆகியவை அந்தக் கணிதத்துக்குள் வரவேயில்லை.

அரவிந்த் மருத்துவமனையின் வரலாறு இங்கே மறுபக்கத்திலிருந்து பாடம் சொல்கிறது. 1976-ல் டாக்டர் கோ. வெங்கடசாமி 11 படுக்கைகளோடு தொடங்கிய அந்த மருத்துவமனை, உலகிலேயே மிக அதிகமாகக் கண்புரை அறுவை செய்யும் நிறுவனங்களில் ஒன்றாக வளர்ந்தது. அங்கே ஓர் அறுவை மருத்துவர் ஆண்டுக்கு இரண்டாயிரம் பேருக்கு அறுவை செய்ய முடிகிறதென்றால், அதற்குக் காரணம் சுற்றியுள்ள கிராமங்களிலிருந்து பள்ளிப்படிப்பு முடித்து வந்து, இரண்டாண்டு பயிற்சி பெற்ற பெண்கள். பார்வை அளப்பது, கண்ணழுத்தம் பார்ப்பது, அறுவை அரங்கில் உதவுவது, நோயாளியிடம் பேசி அச்சம் போக்குவது என்று மருத்துவரின் கை தேவைப்படாத ஒவ்வொரு வேலையையும் அவர்கள் மேற்கொண்டார்கள். பொறுப்பைப் பிரித்துக் கொடுத்து, பிரித்த பொறுப்புக்கேற்ற பயிற்சியையும் கொடுத்ததே அந்த வெற்றியின் அடித்தளம். கருவியைக் கொண்டுவரும் எந்த மருத்துவமனையும் முதலில் இந்த வரிசையைப் பின்பற்ற வேண்டும்: வேலையைப் பிரித்து, ஆட்களைப் பயிற்றி, அதன்பின் கருவி.

அடுத்த கேள்வி, கருவியின் விடையை எப்படி வாசிப்பது என்பது. மருத்துவ மாணவர்கள் கட்டாயம் கற்க வேண்டிய கணக்கு ஒன்று உண்டு. பெரும்பாலான கல்லூரிகளில் அது சமூக மருத்துவப் பாடத்தின் ஒரு மூலையில் கிடக்கிறது. ஒரு கருவி நோயுள்ள நூறு பேரில் 95 பேரைச் சரியாகக் கண்டுபிடிக்கிறது, நோயில்லாத நூறு பேரில் 95 பேரைச் சரியாக விடுவிக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். கேட்பவருக்கு இது சிறந்த கருவி. ஆயிரத்தில் ஒருவருக்கு மட்டுமே உள்ள நோய்க்காக ஒரு லட்சம் பேரை அதைக்கொண்டு சோதித்தால், நோயுள்ள 100 பேரில் 95 பேர் பிடிபடுவார்கள். நோயில்லாத 99,900 பேரில் 4,995 பேருக்கும் ‘நோய் உண்டு’ என்று விடை வரும். அதாவது கருவி சுட்டிய 5,090 பேரில் உண்மையில் நோய் உள்ளவர்கள் நூற்றுக்கு இரண்டு பேர்கூட இல்லை. அதே கருவியை ஐவரில் ஒருவருக்கு நோயுள்ள சர்க்கரை நோய் மருத்துவமனையில் வைத்தால், சுட்டப்பட்டவர்களில் நூற்றுக்கு எண்பத்திரண்டு பேருக்கு மேல் உண்மையான நோயாளிகளாக இருப்பார்கள். கருவி மாறவில்லை, அது யார் நடுவே வைக்கப்பட்டது என்பதுதான் மாறியது. இந்தக் கணக்கு பழக்கமானவர் விடையைப் பார்த்ததும் ‘யாரிடம் சோதித்தது?’ என்று கேட்பார். பழக்கமில்லாதவர் மருந்துச் சீட்டை எழுதிவிடுவார்.

இரத்தத்தில் பரவும் தொற்றை முன்கூட்டியே எச்சரிப்பதாக அமெரிக்க மருத்துவமனைகள் பலவற்றில் பொருத்தப்பட்டிருந்த ஒரு மென்பொருளை மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2021-ல் சோதித்தார்கள். தொற்று ஏற்பட்டவர்களில் மூன்றில் இரண்டு பங்கினரை அது தவறவிட்டது. மறுபுறம் சேர்க்கப்பட்டவர்களில் ஐந்தில் ஒருவருக்குச் சற்றுக் குறைவானோருக்கு எச்சரிக்கை மணி அடித்துக்கொண்டிருந்தது. இதற்கு இரண்டாண்டு முன்பு வெளிவந்த மற்றோர் ஆய்வு, கூடுதல் கவனம் யாருக்குத் தேவை என்று முடிவுசெய்த மென்பொருள் ஒன்று கறுப்பின நோயாளிகளைத் தொடர்ந்து பின்தள்ளியதைக் காட்டியது. நோயின் கடுமையை அளக்க, கடந்த காலத்தில் ஆன மருத்துவச் செலவை அது அளவுகோலாக வைத்திருந்தது. குறைவாகச் செலவு செய்யப்பட்டவர்கள் குறைவாக நோயுற்றவர்களாகக் கணக்கிடப்பட்டார்கள். தமிழ்நாட்டில் தரவுகளைக் கொண்டு திட்டமிடும் எவரும் இதை நினைவில் வைக்க வேண்டும். மருத்துவமனைக்கே வராத மலைக்கிராமத்தாரின் நோய் எந்தப் பதிவேட்டிலும் இருக்காது.

இவற்றிலிருந்து கருவிகள் பயனற்றவை என்ற முடிவுக்குப் போவது தவறு. சுவீடனில் எண்பதாயிரம் பெண்களிடம் நடந்த மார்பகப் பரிசோதனை ஆய்வில், மென்பொருளின் துணையோடு படம் பார்த்தபோது மருத்துவர்களின் படம் பார்க்கும் சுமை 44 சதவீதம் குறைந்தது. கண்டுபிடிக்கப்பட்ட புற்றுநோய்களின் எண்ணிக்கை குறையவில்லை. காசநோய்க்கான நெஞ்சு எக்ஸ்ரேயைக் கணினி வாசிப்பதை உலக சுகாதார நிறுவனம் 2021-ல் 15 வயதுக்கு மேற்பட்டோருக்குப் பரிந்துரைத்தது. கதிரியக்க மருத்துவர் இல்லாத மாவட்டங்களில் இது பெரிய உதவி. கவலை வேறிடத்தில் இருக்கிறது. போலந்தில் நான்கு மையங்களில், பெருங்குடலை உள்நோக்கிப் பார்க்கும் அனுபவமிக்க மருத்துவர்களைப் பற்றிய ஆய்வு 2025-ல் வெளிவந்தது. மென்பொருள் துணை வருமுன் அவர்கள் நூற்றுக்கு 28 பேரிடம் புற்றுக்கு முந்தைய கட்டிகளைக் கண்டுபிடித்துவந்தார்கள். துணைக்குப் பழகியபின், அது இல்லாமல் செய்த பரிசோதனைகளில் அந்த அளவு 22-ஆகக் குறைந்தது. ஒரே ஆய்வை வைத்துக் காரணத்தை அறுதியிட முடியாது. ஆனால் தேர்ந்தவர்களின் கண்ணே சில மாதங்களில் சோம்பிவிடக்கூடுமானால், இன்னும் தேறாத மாணவரின் கண் எப்படி விழிக்கும் என்ற கேள்வியைத் தள்ளிவைக்க இயலாது.

கற்பிக்கும் முறை இதற்கேற்ப மாற வேண்டும். படத்தையோ நோயாளியையோ பயிற்சி மருத்துவர் முதலில் தானே பார்த்து, தன் முடிவை எழுதிக் கையெழுத்திட்ட பின்புதான் கருவியின் விடை திறக்க வேண்டும். இரண்டும் முரண்படும் இடங்களை ஆசிரியர் வாரந்தோறும் மாணவர்களோடு உட்கார்ந்து அலச வேண்டும். அங்கேதான் உண்மையான கல்வி நடக்கும். மாணவர் சரி, கருவி தவறு என்ற நேர்வுகளும் வரும், தலைகீழாகவும் வரும். கருவியை அணைத்துவிட்டுப் பணிபுரியும் நாட்களும் வேண்டும். மின்சாரமோ இணையமோ போன ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஸ்டெதஸ்கோப்பும் கைவிரலும் மட்டுமே துணையாக இருக்கும் நேரம் எந்த மருத்துவருக்கும் வரும்.

தேர்வுமுறை இந்த மாற்றத்துக்கு எதிர்த்திசையில் இழுக்கிறது. இந்தியாவில் 2019-ல் திறன் அடிப்படையிலான பாடத்திட்டம் வந்தது. நோயாளியிடம் பேசும் முறை, மருத்துவ அறம் ஆகியவற்றுக்கெனத் தனிப் பாடத்தொகுதி சேர்ந்தது. பின்னர் ஒவ்வொரு மாணவரும் கிராமத்தில் சில குடும்பங்களைத் தத்தெடுத்துத் தொடர்ந்து பார்க்கும் திட்டமும் சேர்ந்தது. திட்டங்கள் நல்லவை. ஆனால் எம்.பி.பி.எஸ். முடித்த இளைஞரின் வாழ்க்கையைத் தீர்மானிப்பது முதுநிலை நீட் தேர்வு. நான்கு விடைகளில் ஒன்றைத் தெரிவு செய்யும் அந்தத் தேர்வுக்காக, ஹவுஸ் சர்ஜனாக வார்டில் நிற்க வேண்டிய ஓராண்டைப் பலர் கேள்வித்தாள் திரட்டுகளோடு கழிக்கிறார்கள். இந்த மாணவர்களைக் குறைசொல்வது நியாயமில்லை. அமைப்பு அவர்களிடம் கேட்பதை அவர்கள் கொடுக்கிறார்கள். மென்பொருள்கள் இத்தகைய தேர்வுகளில் எளிதாகத் தேறிவிடும் காலத்தில், மனிதரைத் தேர்ந்தெடுக்க அதே அளவுகோலை வைத்திருப்பது பொருந்தவில்லை. மாணவர் நோயாளியிடம் பேசுவதையும் உடலைச் சோதிப்பதையும் நேரில் பார்த்து மதிப்பிடும் முறையை ஸ்காட்லாந்தின் டண்டீ நகரில் ரொனால்ட் ஹார்டன் 1975-லேயே வகுத்துக் காட்டினார். செலவும் ஆசிரியர் நேரமும் கூடுதலாகத் தேவைப்படும் அந்த முறைக்கு முதுநிலைச் சேர்க்கையில் ஓரளவாவது இடம் கிடைக்க வேண்டும்.

நோயாளியின் மொழி அடுத்தது. அமெரிக்க மிஷனரி மருத்துவரான சாமுவேல் ஃபிஸ்க் கிரீன் 1847-ல் யாழ்ப்பாணம் வந்து, மானிப்பாயில் மருத்துவம் கற்பித்தார். பிற்பாடு தமிழிலேயே வகுப்பு நடத்தி, உடற்கூறு முதல் அறுவை வரை நூல்களைத் தமிழாக்கினார். தன்னிடம் கற்றவர்கள் ஊர்களில் தங்கிப் பணிபுரிய வேண்டும் என்பதே அவருடைய நோக்கம். இன்று தமிழக அரசுக் கல்லூரிகளின் இளநிலை இடங்களில் 15 சதவீதமும் முதுநிலை இடங்களில் 50 சதவீதமும் அகில இந்திய ஒதுக்கீட்டில் நிரம்புகின்றன. வெளிமாநிலத்திலிருந்து வரும் முதுநிலை மாணவர் முதல் வாரமே வார்டில் நிற்கிறார். ‘நெஞ்சு கரிக்குது’, ‘படபடன்னு வருது’, ‘கை கால் அசதி’ என்று மூதாட்டி சொல்வது அவருக்குப் புரிய வேண்டும்; மொழிபெயர்ப்புக் கருவி சொற்களைத் தரும், மூதாட்டி எதைச் சொல்லாமல் நிறுத்தினார் என்பதைத் தராது. மொழிப் பயிற்சிக்கு மணிநேரமும் ஆசிரியரும் ஒதுக்குவது கல்லூரியின் கடமை.

கருவிகள் நேரத்தை மிச்சப்படுத்தும் என்ற வாக்குறுதியையும் சோதித்தாக வேண்டும். அமெரிக்க மருத்துவர்கள் நோயாளியோடு செலவிடும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தைக் கணினிப் பதிவிலும் மேசை வேலையிலும் கழிப்பதாக 2016-ல் ஓர் ஆய்வு காட்டியது. அங்கே உரையாடலைக் கேட்டுக் குறிப்பெழுதும் மென்பொருள் வரவேற்கப்படுவதில் வியப்பில்லை. இந்தியாவின் நிலை வேறு. 67 நாடுகளைப் பற்றி 2017-ல் வெளிவந்த தொகுப்பாய்வின்படி ஆரம்ப நிலை மருத்துவர் ஒரு நோயாளியைப் பார்க்கும் நேரம் வங்கதேசத்தில் 48 வினாடி, சுவீடனில் 22 நிமிடத்துக்கு மேல்; இந்தியாவில் இரண்டு நிமிடம் அளவே. இரண்டு நிமிடத்தில் கருவி அரை நிமிடத்தை மிச்சப்படுத்தினால், அந்த அரை நிமிடத்தில் அடுத்த டோக்கன் அழைக்கப்படும் அபாயமே அதிகம். மிச்சமான நேரம் நோயாளிக்கே என்று நிர்வாகம் எழுத்தில் உறுதி செய்யாதவரை அது நோயாளியிடம் போய்ச் சேராது.

எதிர்காலத்தில் மிகுதியாக வளரப்போகும் பணி செவிலியர்களுடையதும் களப்பணியாளர்களுடையதும்தான். 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் பிரஷர், சர்க்கரை மாத்திரைகளையும் இயன்முறை சிகிச்சையையும் நோய்த்தணிப்பு கவனிப்பையும் வீட்டு வாசலுக்குக் கொண்டுபோனது. அதைச் சுமப்பவர்கள் பெரும்பாலும் அந்தந்த ஊர்ப் பெண்கள். 2022 ஏப்ரலில் தொடங்கிய தமிழ்நாடு காசநோய் இறப்பில்லாத் திட்டம் இன்னும் நுட்பமான எடுத்துக்காட்டு. காசநோய் உறுதியான அன்றே களப்பணியாளர் நோயாளியின் எடையும் உயரமும் எடுத்து, காலில் வீக்கம் உண்டா, மூச்சு வேகம் எவ்வளவு, இரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு, பிடிப்பில்லாமல் நிற்க முடிகிறதா என்று பார்க்கிறார். ஆபத்தானவர் உடனே மருத்துவமனையில் சேர்க்கப்படுகிறார். காசநோய் மரணங்களில் பெரும்பங்கு சிகிச்சை தொடங்கிய முதல் வாரங்களிலேயே நேர்வதால் இந்த ஐந்து நிமிடப் பரிசோதனை உயிர் காக்கிறது. இதில் உயர்ந்த தொழில்நுட்பம் ஏதுமில்லை. சரியான கேள்விகள், பயிற்சி பெற்ற கை, எடுத்த முடிவை மதிக்கும் மருத்துவமனை.

ஆனால் கிராம சுகாதார செவிலியரின் நாளில் பெரும்பகுதி கர்ப்பிணிகளின் விவரங்களை பிக்மி இணையதளத்திலும் பிற செயலிகளிலும் ஏற்றுவதிலேயே போகிறது என்பது அவர்கள் நெடுநாளாகச் சொல்லிவரும் குறை. கருவி அவர்களுக்கு உதவியாளராக வராமல் கண்காணிப்பாளராக வந்திருக்கிறது. படிப்பிலும் இதே புறக்கணிப்பு. மருத்துவக் கல்விக்கு ஆண்டுக்கொரு சீர்திருத்தம் வருகிறது. செவிலியர் கல்வியைப் பற்றி அந்த அளவுக்கு யாரும் பேசுவதில்லை. வேலூரில் செவிலியர் பட்டப்படிப்பு 1946-லேயே தொடங்கிவிட்டது. எண்பது ஆண்டுகள் ஆகியும் செவிலியர் தானாக முடிவெடுக்கக்கூடிய எல்லை அதிகம் விரியவில்லை. 2021-ம் ஆண்டின் துணைமருத்துவப் பணிகளுக்கான தேசிய ஆணையச் சட்டம் இயன்முறை மருத்துவர், ஆய்வக நுட்பநர் போன்ற பலரின் தொழிலுக்கு முதல்முறையாகத் தேசிய அளவில் சட்ட அடையாளம் தந்தது. அடையாளத்தோடு ஊதியமும் பணி உயர்வும் வராவிட்டால் பயிற்சி பெற்றவர்கள் வெளிநாட்டுக்குப் போவார்கள். 2030-ல் உலகில் ஒரு கோடி அளவுக்குச் சுகாதாரப் பணியாளர் பற்றாக்குறை இருக்கும் என்று உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டிருக்கும்போது, அவர்களை அழைத்துக்கொள்ளப் பணக்கார நாடுகள் காத்திருக்கின்றன.

பொறுப்பு யாருடையது என்பதையும் கல்வி கற்பிக்க வேண்டும். மருத்துவ சேவை நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் 1995-ல் தீர்ப்பளித்தது. கருவி சொன்னபடி செய்து தவறு நேர்ந்தால் கையெழுத்திட்ட மருத்துவரே பதில் சொல்ல நேரும். கருவி சொன்னதை மீறித் தவறு நேர்ந்தாலும் அவரே. அமெரிக்காவில் 2018-ல், மருத்துவர் குறுக்கிடாமல் தானே விழித்திரை நோயை முடிவுசெய்யும் கருவிக்கு முதல் அனுமதி கிடைத்தபோது, அதை உருவாக்கிய நிறுவனம் அதன் முடிவுக்குத் தானே பொறுப்பேற்க முன்வந்தது. இந்தியாவில் கருவி வாங்கும் ஒவ்வொரு ஒப்பந்தத்திலும் இத்தகைய பிரிவு இருக்க வேண்டும். ஏன் ஏற்றேன், ஏன் மறுத்தேன் என்று கேஸ் ஷீட்டில் இரண்டு வரி எழுதும் பழக்கத்தை மாணவப் பருவத்திலேயே ஊன்ற வேண்டும்.

இவ்வளவையும் செய்யத் தேவையானவர்கள் ஆசிரியர்கள். 2014-ல் 387-ஆக இருந்த இந்திய மருத்துவக் கல்லூரிகள் பத்தாண்டில் எழுநூறைத் தாண்டிவிட்டன. தமிழ்நாட்டில் 2022 ஜனவரியில் மட்டும் 11 புதிய அரசுக் கல்லூரிகள் திறக்கப்பட்டன. கட்டடம் இரண்டாண்டில் எழும். படுக்கையருகே நின்று கற்பிக்கத் தெரிந்த பேராசிரியர் உருவாக இருபது ஆண்டுகள் ஆகும். பல கல்லூரிகளில் உடற்கூறு, உடலியங்கியல் போன்ற அடிப்படைத் துறைகளுக்கே ஆள் போதவில்லை. இருக்கும் ஆசிரியரும் வெளிநோயாளர் கூட்டத்தைச் சமாளித்து, அறுவைப் பட்டியலை முடித்து, ஆய்வுக்கு வரும் குழுவுக்கான கோப்புகளைத் தயாரித்த பின்பே மாணவரிடம் வருகிறார். பதிவேடு எழுதுவது, வருகைக் கணக்கு, அட்டவணை போடுவது போன்ற வேலைகளைக் கருவி எடுத்துக்கொள்ளட்டும். அந்த நேரம் காலை ரவுண்ட்ஸுக்குப் போகட்டும். ஓர் ஆசிரியர், ஆறு மாணவர்கள், ஒரு நோயாளி, அரை மணி நேரம் என்ற அளவு ஒவ்வொரு வார்டிலும் தினமும் கிடைக்கிறதா என்பதையே கல்லூரி அங்கீகாரத்துக்கான முதல் அளவுகோலாக தேசிய மருத்துவ ஆணையம் வைக்க வேண்டும்.